ஆதார் அட்டைக்குள் மடித்த 500 ரூபாய்: அன்பளிப்பா, லஞ்சமா?



எங்கள் தென்னூரில் நிக்காஹ் மாதங்கள் வந்துவிட்டால் வீடுகள் கொள்ளாது. வெளியூர்ச் சம்பந்திகளையும், சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று பல நாடுகளிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கும் உறவினர்களையும் தில்லைநகர், கண்டோன்மென்ட், மத்தியப் பேருந்து நிலையம் ஆகிய பகுதிகளின் விடுதிகளில் தங்கவைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தின் நிழலில் இன்னொரு வழக்கமும் வளர்ந்திருக்கிறது. இருப்பதிலேயே குறைந்த வாடகை அறையைப் பதிவு செய்துகொள்வது. ரிசப்ஷனில் அடையாளச் சான்று கேட்கும்போது ஆதார் அட்டைக்குள் ஒரு 500 ரூபாய்த் தாளை மடித்து வைத்து நீட்டுவது. "தம்பி, நல்ல ரூமா பார்த்துக் கொடுங்க" என்று புன்னகைப்பது. சாதாரண அறைக்குப் பணம் கட்டியவர் டீலக்ஸ் அறைச் சாவியோடு லிஃப்டில் ஏறுகிறார். மறுநாள் வலீமா விருந்தில் இது சாமர்த்தியமாகப் பேசப்படுகிறது. சுற்றியிருக்கும் இளைஞர்கள் மனத்தில் குறித்துக்கொள்கிறார்கள்.

இதற்கு மார்க்கத்தில் ஒரு பெயர் உண்டு. டிப்ஸ் என்பது அந்தப் பெயரன்று. ரிஷ்வத், அதாவது லஞ்சம். சொல் கடுமையாக இருக்கிறது என்று கருதுவோர், முழுவதையும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளலாம்.

இந்த உத்தியின் புகழ்பெற்ற இருப்பிடம் எது தெரியுமா? அமெரிக்காவின் சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸ். அங்கே செல்லும் பயணிகள் அடையாள அட்டைக்கும் கிரெடிட் கார்டுக்கும் நடுவே 20 டாலர் தாளை வைத்து நீட்டி, கட்டணமின்றி அறையை உயர்த்தித் தர வழியுண்டா என்று கேட்பார்கள். இரு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்த பண்டத்தைப் போலிருப்பதால் அதைச் சாண்ட்விச் என்றே அழைக்கிறார்கள். பலித்தது, பலிக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் கணக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். சூதாட்ட நகரத்துப் பயணிகளின் வித்தை நம் நிக்காஹ் விருந்தினரின் சட்டைப்பைக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. ஆனால் பழியை முழுவதும் அமெரிக்காவின் மீது போட்டுவிட முடியாது. இரயிலில் காத்திருப்போர் பட்டியலைத் தாண்டிப் படுக்கை பெறுவதற்காக டி.டி.ஆரின் உள்ளங்கையைத் தேடிய தலைமுறைதான் நம்முடையது. பழக்கம் ஏற்கெனவே இருந்தது. இடம் மட்டும் புதிது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்தவருக்கு மகிழ்ந்து கொடுப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிவந்த ரூம் பாய்க்கும், நள்ளிரவில் குழந்தைக்கு வெந்நீர் கொண்டுவந்தவருக்கும் கொடுப்பது நல்ல செயல். நாட்டின் சட்டமும் இதை விருந்தினரின் விருப்பத்திற்கே விட்டிருக்கிறது. விடுதிகளும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அவற்றை உறுதி செய்தது. சேவை முடிந்த பிறகு, அதன் தரத்தைக் கண்டு, மனமுவந்து கொடுப்பதுதான் டிப்ஸ் என்பது இவற்றால் விளங்கும்.

ரிசப்ஷனில் நீட்டும் 500 ரூபாயை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அந்த இளைஞர் உங்களுக்காக இன்னும் எந்த வேலையும் செய்யவில்லை. உங்கள் பெயரைக்கூட அவர் படித்து முடிக்கவில்லை. அப்படியானால் எதற்குக் கொடுக்கிறீர்கள்? அவருடைய உழைப்புக்கா? அவருடைய உழைப்பை மட்டும் நீங்கள் விரும்பியிருந்தால், பதிவு செய்த அறையின் சாவியை அவர் சிரித்த முகத்தோடு தந்ததும் திருப்தியுடன் போயிருப்பீர்கள். நீங்கள் வாங்குவது அறையை. அந்த அறை அவருடையதன்று. அவருக்குச் சொந்தமில்லாத பொருளை அவரிடமிருந்து, அதன் உரிமையாளருக்குத் தெரியாமல், உண்மை விலையில் ஒரு பங்கு கொடுத்து வாங்குகிறீர்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. நீங்கள் பதிவு செய்த அறை 2,500 ரூபாய், கிடைத்த அறை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,500. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, வித்தியாசத் தொகைக்கு 75 ரூபாய். முதலாளிக்கு வரவேண்டிய 1,500 வரவில்லை. அரசுக்கு வரவேண்டிய 75 வரவில்லை. ரிசப்ஷன் இளைஞருக்கு 500. உங்களுக்கு 1,075 மிச்சம். உங்கள் மிச்சம் யாருடைய இழப்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"அறை காலியாகத்தானே கிடந்தது ஹஜ்ரத்? பூட்டிக் கிடக்கும் அறையில் நான் ஓர் இரவு தூங்கினால் முதலாளிக்கு என்ன குறைந்துவிடும்?" இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர் குறைவு. நம் ஃபுகஹாக்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அலசியிருக்கிறார்கள். ஒரு பொருளின் பயன்பாடு, அரபியில் மன்ஃபஅத், அதுவே ஒரு செல்வமா என்பதில் ஷாஃபிஈ மத்ஹபுக்கும் ஹனஃபீ மத்ஹபுக்கும் இடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈகளிடம் பயன்பாடும் செல்வமே. பிறர் வீட்டில் அனுமதியின்றிக் குடியிருந்தவர் அதற்குரிய வாடகையைக் கொடுத்தே தீரவேண்டும். ஹனஃபீகள் பயன்பாட்டை ஒப்பந்தமில்லாத நிலையில் தனிச் செல்வமாகக் கருதவில்லை. "அப்பாடா, நாங்கள் ஹனஃபீகள்" என்று திருச்சியில் பலர் மூச்சு விடக்கூடும். பொறுங்கள். பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் இந்தச் சட்டத்திலிருந்து மூன்றை விலக்கினார்கள்: வக்ஃபுச் சொத்து, அநாதையின் சொத்து, வாடகைக்கு விடுவதற்கென்றே ஆயத்தமாக வைக்கப்பட்ட சொத்து. இவற்றை உரிமையின்றிப் பயன்படுத்தியவர் நியாயமான வாடகையைச் செலுத்த வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த மஜல்லா சட்டத் தொகுப்பிலும் இது இடம்பெற்றது. விடுதி அறையைவிட, வாடகைக்கென்றே ஆயத்தமான சொத்து வேறு எது? இரண்டு மத்ஹபுகளும் வேறு வேறு வழியில் நடந்து ஒரே அறைக் கதவின் முன் வந்து நிற்கின்றன.

விடுதித் தொழிலை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இரவு எட்டு மணிக்குக் காலியாக இருக்கும் அறை, பத்து மணிக்குத் தொடர்வண்டியிலிருந்து இறங்கி வருபவருக்கு விற்கப்படக்கூடிய அறை. வைகுண்ட ஏகாதசி நாட்களில் திருவரங்கத்திலும் திருச்சியிலும் ஓர் அறைக்காக மக்கள் எத்தனை விடுதிப் படிகளை ஏறி இறங்குகிறார்கள் என்பதை இந்த ஊர்க்காரர்கள் நாம் பார்த்திருக்கிறோம். அந்த நாட்களில் ஐந்நூறைக் கண்டு திறக்கும் கதவு, வரிசையில் நிற்கும் வேறொருவருக்கு மூடப்படும் கதவு.

இங்கே நான் கேட்டு வருந்திய இன்னொரு வாதத்தையும் சொல்ல வேண்டும். "முதலாளி நம்மவர் இல்லையே" என்றார் ஒருவர். தொழுகையாளி. சகோதரரே, ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். குறைஷிகள் அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்டிருந்தார்கள். அதே மக்காவாசிகள் தம் பொருட்களை அவர்களிடமே அமானிதமாகக் கொடுத்தும் வைத்திருந்தார்கள். நபியவர்கள் மதீனா புறப்பட்டபோது, அந்த அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களை ஆபத்தின் நடுவே மக்காவில் விட்டுச் சென்றார்கள் என்று சீரா நூல்கள் கூறுகின்றன. கொலைத் திட்டம் தீட்டியவர்களின் ஊரார் பொருளுக்கே அந்த மதிப்பு. உங்களுக்குப் படுக்கையும் வெந்நீரும் தந்து வாடகை கேட்கும் மனிதரின் பொருளுக்கு எவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும்?

ஓரளவு படித்தவர்களின் வாதம் வேறு. லஞ்சம் என்பது காழிக்கும் அரசு அதிகாரிக்கும் கொடுப்பது, தனியார் ஊழியருக்குக் கொடுப்பது அதில் சேராது என்பார்கள். நம் நாட்டுச் சட்டம் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் முதன்மையாகப் பொது ஊழியர்களைப் பற்றியது. 2018 திருத்தம் லஞ்சம் கொடுப்பவரையும் நேரடியாகக் குற்றவாளியாக்கியது என்றாலும், அதுவும் பொது ஊழியருக்குக் கொடுப்பதைப் பற்றியதே. ஆனால் நம்மில் பலருடைய பிள்ளைகள் பிழைக்கும் சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்குள்ள சட்டம் தனியார் நிறுவன ஊழியரையும் பிடிக்கும். 2018இல் அங்கே ஒரு கொள்கலன் கிடங்கின் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் இருவர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. சரக்கு ஏற்றி இறக்குவதில் தாமதம் செய்யாமலிருக்க லாரி ஓட்டுநர்களிடம் அவர்கள் கை நீட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரு தடவைக்கு எவ்வளவு தெரியுமா? ஒரு டாலர். அந்நாட்டு ஊழல் புலனாய்வுத் துறை அந்த ஒரு டாலரையும் நீதிமன்றத்திற்குக் கொண்டுபோனது. சிங்கப்பூரில் பத்தாண்டு வேலை பார்த்தும் ஒருவரிடம் ஒரு வெள்ளி நீட்டத் துணியாத அதே சகோதரர், திருச்சியில் இறங்கிய இரவே ஐந்நூறை மடிக்கிறார். அங்கே அவரைத் தடுத்தது எது என்பதை அவரே சிந்தித்துக்கொள்ளட்டும்.

மார்க்கச் சட்டத்தில் ஊழியர் தனியாரா, அரசா என்பது முதல் கேள்வியன்று. இமாம் ஜுர்ஜானீ (ரஹ்) அவர்கள் கலைச்சொற்களுக்கு விளக்கம் எழுதிய தம் நூலில், ஒரு ஹக்கை அழிப்பதற்கோ ஒரு பாத்திலை நிலைநாட்டுவதற்கோ கொடுக்கப்படுவதே ரிஷ்வத் என்ற பொருளில் வரையறுக்கிறார்கள். கொடுக்கப்படுபவரின் பதவி அந்த வரையறைக்குள் வரவில்லை. ரிசப்ஷனில் நிற்பவர் முதலாளியின் வகீல். முதலாளியின் பொருளை முதலாளி சொன்ன விலைக்கு விற்பதற்கே அவருக்கு அனுமதி. அதற்கும் குறைந்த விலைக்குத் தந்து, அந்தக் குறைவில் ஒரு பங்கைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் அது கியானத், நம்பிக்கைத் துரோகம். அதற்கு அவரைத் தூண்டியவர் நீங்கள். லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. அச்செய்தியில் முதலில் குறிப்பிடப்படுபவர் யார்? வாங்குபவரா, கொடுப்பவரா? நம் மேடைகளில் எப்போதும் வாங்குபவரைத்தான் ஏசுகிறோம். ஹதீஸில் கொடுப்பவர் முதலில் நிற்கிறார்.

நியாயமான ஓர் ஐயத்தை மறைக்கக் கூடாது. விடுதிகளில் அறையை உயர்த்தித் தரும் உரிமையைச் சில நேரம் முதலாளியே ஊழியருக்குக் கொடுத்திருக்கிறார். புதுமணத் தம்பதிக்கும், அடிக்கடி வரும் வாடிக்கையாளருக்கும், விடுதியின் தவறால் அல்லல்பட்டவருக்கும், வயது முதிர்ந்தவருக்கும் அவர் தம் கணிப்பின்படி நல்ல அறை தரலாம். அப்படியானால் அனுமதியின்றிக் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு விழுந்துவிடுகிறதே? அது விழலாம், லஞ்சம் விழாது. கணிப்பதற்காக ஒப்படைக்கப்பட்ட உரிமை ஒரு அமானிதம். காழிக்கும் தீர்ப்புச் சொல்லும் உரிமை முறைப்படி ஒப்படைக்கப்பட்டதுதான். அதற்காக அவர் தீர்ப்பை விற்கலாமா?

ஸஹீஹுல் புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ள இப்னுல் லுத்பிய்யாவின் நிகழ்ச்சி இந்த இடத்திற்குத்தான் பொருந்துகிறது. அஸ்து குலத்தைச் சேர்ந்த அவரை பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஸகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் பொருட்களை இரண்டாகப் பிரித்து வைத்தார். இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். அவர் யாரிடமும் பிடுங்கியதாகச் செய்தியில் இல்லை. ஸகாத்தில் குறைத்ததாகவும் இல்லை. மறைக்கவுமில்லை, தாமே முன்வந்து சொன்னார். இருந்தும் நபியவர்கள் மிம்பரில் ஏறி மக்கள் அனைவரும் கேட்கும்படி கண்டித்தார்கள். தம் தாய் தந்தையின் வீட்டிலேயே அவர் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பது அவர்களுடைய கேள்வியின் கருத்து.

அந்தக் கேள்வியை ரிசப்ஷன் இளைஞருக்குப் பொருத்திப் பாருங்கள். அவர் தென்னூரில் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், தெருவில் போகும் நீங்கள் நின்று ஆதார் அட்டைக்குள் ஐந்நூறு வைத்துக் கொடுப்பீர்களா? சலாமாவது சொல்வீர்களா?

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு ஒருமுறை ஆப்பிள் பழம் உண்ணும் ஆசை வந்தது. வீட்டில் அதற்குக் காசில்லை. வழியில் தட்டுத் தட்டாக ஆப்பிள்கள் அன்பளிப்பாக வந்தபோது ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டுத் தட்டிலேயே திருப்பி வைத்தார்கள் என்பது வரலாற்று நூல்களில் வரும் செய்தி. நபியவர்களும் அபூபக்ர், உமர் (ரலி) ஆகியோரும் அன்பளிப்பை ஏற்றார்களே என்று கேட்கப்பட்டதற்கு, அவர்களுக்கு அது அன்பளிப்பாக இருந்தது, அவர்களுக்குப் பின் வந்த அதிகாரிகளுக்கு அது லஞ்சம் என்று விளக்கமளித்தார்கள். பொருள் ஒன்றே, கொடுப்பவரின் எதிர்பார்ப்பு அதன் பெயரை மாற்றிவிடுகிறது.

இவ்வளவு விரிவாக நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என்னிடம் ஓதிய ஒரு மாணவர் நம் ஊர் விடுதி ஒன்றில் ரிசப்ஷனில் இரவுப் பணி பார்க்கிறார். அத்தா இல்லாத பிள்ளை. ஒருநாள் இஷாவுக்குப் பிறகு பள்ளியின் ஹவுளு ஓரத்தில் எனக்காகக் காத்திருந்தார். "ஹஜ்ரத், நான் கேட்கலை. அவங்களா வைக்கிறாங்க. வாங்கலாமா?" என்றார். வாங்காவிட்டால் கூட வேலை பார்ப்பவர்கள் ஒதுக்குகிறார்களாம். வருவதைப் பங்கிட்டுக்கொள்வது அங்கே பழக்கமாம். அதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டிருந்தார். அவரை உறங்கவிடாமல் செய்தது வேறு. தொப்பியணிந்த ஒரு பெரியவர், அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு, "நம்ம பையன்தானே நீ, நம்ம ஆளுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?" என்று நோட்டைத் திணித்திருக்கிறார்.

சகோதரர்களே, இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. வறுமையிலிருந்து ஒரு பிள்ளை படித்து, வெள்ளைச் சட்டை அணிந்து, ஹலாலாகச் சம்பாதிக்க ஓர் இடத்தில் போய் நிற்கிறான். அவனைத் திருடச் சொல்வதற்கு வேறு யாரும் வரவில்லை. ஈமானையும் சமுதாய உறவையும் காட்டி நாமே போகிறோம். பிடிபட்டால் நீங்கள் சூட்கேசை இழுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். வேலை போவது அவனுக்கு. சிசிடிவியில் முகம் பதிவதும் அவனுக்கு. அடுத்த முறை நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவன் அதே விடுதியில் வேலை கேட்டுப் போகும்போது, அந்த மேலாளரின் மனத்தில் என்ன ஓடும்?

நான் அவருக்குச் சொன்ன பதில் இது. நோட்டு உள்ளே இருந்தால் அட்டையிலிருந்து எடுத்து மரியாதையோடு மேசைமீது திருப்பி வை. பெரிய அறை இருந்தால் மறைக்காதே. அதன் வாடகையைச் சொல், வித்தியாசம் இவ்வளவு என்று சொல், சம்மதித்தால் பில்லில் ஏற்று. பெரிய அறையை முறையாக விற்றுத் தரும் ஊழியருக்கு ஊக்கத்தொகை தரும் விடுதிகள் இருக்கின்றன. உன் மேலாளரிடம் அப்படியொரு ஏற்பாட்டைக் கேட்டுப் பார். அந்தக் காசு தாயின் பால் போல ஹலால். இதுவரை வாங்கியதில் கொடுத்தவரைத் தெரிந்தால் அவரிடமே திருப்பிக் கொடு. தெரியாவிட்டால் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடு.

மாணவருக்குச் சொன்னது அவ்வளவுதான். கொடுத்த விருந்தினருக்குச் சொல்ல வேண்டியது அதைவிடக் கனமானது. நீங்கள் அனுபவித்த அறையின் வித்தியாச வாடகை உங்கள் பொறுப்பில் நிற்கும் கடன். தவ்பாவில் அல்லாஹ்வின் ஹக்கு மன்னிக்கப்படலாம். அடியானின் ஹக்கு அவனிடமே தீர்க்கப்பட வேண்டும் என்பது நம் சிறுவர் மக்தபிலேயே கற்பிக்கப்படும் பாடம். அடுத்த முறை அந்த விடுதிப் பக்கம் போகும்போது மேலாளரைக் கண்டு கட்டிவிடுங்கள். வெட்கமாக இருக்கிறதா? மடித்து நீட்டியபோது அந்த வெட்கம் எங்கே போயிருந்தது?

இதனால் பாதிக்கப்படுபவர் முதலாளி ஒருவர் மட்டுமல்லர். எங்கள் தெருவில் நடந்த ஒரு நிக்காஹுக்கு மாப்பிள்ளையின் பாட்டியார் வந்திருந்தார். முழங்கால் வலியால் நடக்க இயலாதவர். லிஃப்டை ஒட்டிய அறை அவருக்கென்று பெண்வீட்டார் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். இரவு அவர்கள் வந்து சேர்ந்தபோது அந்த அறை வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. நடைக்கூடத்தின் மறுகோடியில் ஓர் அறை கிடைத்தது. குளியலறைக்குள் இறங்க உயரமான ஒரு படி. அந்த அம்மையார் ஃபஜ்ருக்கு ஒளூச் செய்ய இருவர் தாங்க வேண்டியிருந்தது. லிஃப்டை ஒட்டிய அறையில் தங்கியவர் அதே நிக்காஹுக்கு வந்த விருந்தினர். பாட்டியாருக்காக ஒதுக்கிய அறை என்பது அவருக்குத் தெரியாது. ஐந்நூறு ரூபாயில் நல்ல அறை கிடைத்த கதையை மறுநாள் என்னிடமே சொல்லிச் சிரித்தார். தெரியாது என்பதுதான் இதன் கொடுமை. நோட்டை நீட்டும்போது யாருடைய இடத்தை வாங்குகிறோம் என்பது யாருக்குமே தெரிவதில்லை.

ஒரு விதிவிலக்கை நம் ஃபுகஹாக்கள் பேசியிருக்கிறார்கள். அதைத் தவறாகப் பயன்படுத்துவோர் இருப்பதால் குறிப்பிடுகிறேன். தனக்குரிய ஹக்கைப் பெறவும், தன்மீது விழும் அநியாயத்தைத் தடுக்கவும் வேறு வழியே இல்லாதபோது கொடுப்பவர் மீது குற்றமில்லை, வாங்குபவர் மீதே குற்றம் என்று அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர். நீங்கள் டீலக்ஸ் அறைக்கு முழுப் பணமும் கட்டியிருந்து, அதைத் தர ஊழியர் காசு கேட்டால் இந்தச் சலுகையைப் பற்றி நாம் பேசலாம். அப்போதும் மேலாளரிடம் முறையிடுவதுதான் முதல் வழி. 2,500 ரூபாய் கட்டியவருக்கு 4,000 ரூபாய் அறையில் என்ன ஹக்கு இருக்கிறது, லஞ்சம் கொடுத்தேனும் மீட்பதற்கு?

உம்ராவுக்குச் செல்பவர்களிடமும் இந்தப் பழக்கம் தொற்றியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். கஃபா தெரியும் அறை வேண்டுமென்று மக்கா விடுதியின் ரிசப்ஷனில் ரியாலை நீட்டுகிறார்களாம். குழு அமைப்பாளர் வயதானவர்களை எண்ணி அறைகளைப் பிரித்து எழுதிக் கொடுத்திருப்பார். அதைக் கலைத்துவிட்டு, இஹ்ராம் உடையோடு, இறையில்லத்தைச் சாளரத்தின் வழியே பார்ப்பதற்காக ஒரு லஞ்சம். இதைப் பற்றி நான் மேலும் எழுத விரும்பவில்லை.

நல்ல அறையில் தங்க ஆசைப்படுவது பாவமா என்றால், இல்லை. வாய்திறந்து கேளுங்கள். "பெரிய அறை இருக்கிறதா? வித்தியாசம் எவ்வளவு? அம்மாவுக்கு மூட்டுவலி, கீழ்த்தளத்தில் கிடைக்குமா?" என்று மேலாளருக்கும் கேட்கும் குரலில் கேட்பதில் தவறேதுமில்லை. இலவசமாகவே தந்தால் அல்ஹம்துலில்லாஹ். அது விடுதியின் அன்பளிப்பு, ஏற்றுக்கொள்ளுங்கள். நிக்காஹ் வீட்டார் செய்யக்கூடிய ஒரு காரியமும் இருக்கிறது. எந்த அறை யாருக்கு என்று ஒரு பட்டியலை எழுதி, முதியவர்கள், கைக்குழந்தையுள்ள தாய்மார்கள் பெயரை முதலில் இட்டு, ஒரு பிரதியை விடுதி மேலாளரிடமும் இன்னொன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். பெயரிட்ட அறையைக் கை மாற்ற எவரும் தயங்குவார்.

அந்த ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தே தீரவேண்டும் என்று மனம் துடித்தால் அதற்கும் ஆள் உண்டு. திருமணக் கூட்டம் தங்கிப் போன அறையை எண்ணிப் பாருங்கள். தரையில் சிந்திய கறிக்குழம்பு, கட்டிலடியில் குழந்தைகள் போட்ட பிஸ்கட் துகள், மருதாணி படிந்த விரிப்பு, குளியலறை முழுவதும் ஈரம். நீங்கள் கிளம்பிய பிறகு அதையெல்லாம் குனிந்து சுத்தம் செய்யும் பெண்ணின் முகத்தைக்கூட நம்மில் பலர் பார்த்ததில்லை. அறையைக் காலி செய்யும் காலையில் அவரை அழைத்து, அவர் கையிலேயே கொடுங்கள். மேசைமீது வைத்துவிட்டுப் போனால் அவருக்குப் போய்ச் சேர்வது உறுதியில்லை.